நாற்பத்தொரு பக்கத்தில் நான் படிக்காத வரி

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பை நாவல் என்று நினைத்து, நாற்பத்தொரு பக்கம் அச்செடுத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்த ஆள் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

நடந்தது போன சித்திரையில். அழகர் ஆற்றில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோரிப்பாளையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கிறேன்.

அந்தச் சமயம் எனக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. எழுதியவர் தன் குரலில் ஒரு வரிகூடச் சொல்லாமல், மின்னஞ்சல், குறுஞ்செய்தி, போலீஸ் விசாரணையில் பதிவான பேச்சு இவற்றை மட்டுமே அடுக்கிக் கொலைக்கதை சொல்கிற நாவல்கள். ‘அவன் முகம் வெளிறியது’ என்று யாரும் நமக்கு எடுத்துக்கொடுக்க மாட்டார்கள். ஒருத்தி மூன்று மின்னஞ்சலுக்கு உடனே பதில் போட்டிருப்பாள். நாலாவதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்வாள். அந்த இரண்டு நாளுக்குள்தான் பிணம் கிடக்கும். காகிதக் கட்டை நம் மடியில் போட்டுவிட்டு எழுத்தாளர் எழுந்து போய்விடுகிறார், பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கே ஒரு கும்பிடு போடலாம்.

இந்தப் பித்துக்குத் துணை தரைத்தளத்து அக்கா. கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் புத்தகங்களை மாற்றிக்கொள்வோம். நான் கடைசிப் பக்கம் வரை தவறான ஆளையே சந்தேகப்படுவேன். அவர் பாதியில் மூடி வைத்து, கொலைகாரன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துக் கொடுப்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எப்படிக்கா என்று கேட்டால், “முப்பது வருஷமாப் பொய்யத்தான தம்பி டைப் அடிச்சேன்” என்பார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் எங்கள் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது யாரோ சுவிட்சைப் போட்டு, அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். வெறுமனே ஓடியே, உள்ளே செம்புக்கம்பி சுற்றிய காயில் கருகிவிட்டது. தானாக நிற்கிற கருவி ஒன்று பொருத்தலாம் என்று மூன்று கூட்டத்தில் பேசி, மூன்றிலும் வடை சாப்பிட்டுவிட்டுக் கலைந்த சங்கம் எங்களுடையது. பன்னிரண்டு வீட்டிலும் குழாய் காய்ந்தது. பன்னிரண்டு வீட்டுக் கோபமும் வாட்ச்மேன் மேல் திரும்பியது.

அவர் கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் அவருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் வீடு. மகள் நர்சிங் கடைசி வருடம், அடுத்த மாதம் பரீட்சை. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம், அதில் அவரை அனுப்பிவிடுவது என்று சங்கச் செயலாளர் முடிவே கட்டிவிட்டார்.

“நான் அமத்திட்டுத்தான் போனேன் சார். குரூப்புலயும் சொன்னேன் சார்” என்று வாட்ச்மேன் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார்.

இங்கேதான் நான் மேடையேறினேன். குரூப்பில் சொன்னாரா, இல்லையா? ஆவணம் இருக்கிறதே! இரண்டு மாதப் பேச்சை அப்படியே இறக்கி, கோரிப்பாளையம் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார பாய் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், கேஸா?” என்று கேட்டார். “கொஞ்சம் பெரிய கேஸ் பாய்” என்றேன். சொல்லும்போதே ஒரு மிதப்பு.

சனி மாலை முழுக்க அடிக்கோடு. 10.40க்கு முதல்மாடி அம்மா தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுங்கள் என்று எழுதியிருந்தார். 10.42க்கு வாட்ச்மேனின் கட்டைவிரல். அதற்குப் பிறகு அவர் பெயருக்கு நேரே ஒரு சொல்கூட இல்லை. போட்டார், மறந்தார், வெளியே போனார். என் அறிக்கையை ஞாயிறு காலை குரூப்பில் ஏற்றினேன். ‘அமத்திட்டேன் என்று அவர் தெரிவித்ததற்கு ஆவணத்தில் சான்று இல்லை’ என்று முடித்திருந்தேன். செயலாளர் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். உடனே பதில் வந்தது: “மாப்ள, நீ போலீசுக்குப் போயிருக்கணும்டா!” எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சர்ச்சிலிருந்து வந்த அக்கா கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த நாப்பத்தோரு பக்கத்துல வாட்ச்மேன் எத்தன தடவ பேசியிருக்காரு?”

“அவர் எங்கக்கா பேசுறாரு? கட்டைவிரலக் காட்டுவாரு, அம்புட்டுதான்.”

“அறுபத்திரண்டு தடவ.”

கட்டை என் பக்கம் திருப்பினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும், வாட்ச்மேன் பெயருக்கு நேரே, ‘மீடியா இணைக்கப்படவில்லை’. எழுத்து அல்லாத எதையும் விட்டுவிட்டு அந்த இடத்தில் வாட்ஸ்அப் போடுகிற வரி. நானும் அதைப் பார்த்தேன்தான். ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படம் என்று தாண்டிப் போய்விட்டேன்.

“படம்னு எப்படித் தெரியும்? தெறந்து பாத்தீங்களா?” என்றார் அக்கா. “சாட்சி பேசுனத விட்டுட்டு டைப் அடிச்சிருந்தா எங்க ஜட்ஜய்யா என்னைய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு.”

போனைத் திறந்தேன். படம் இல்லை, எல்லாம் குரல் பதிவு. அந்த மனுஷனுக்கு எழுத்துக் கூட்டி அடிப்பது சிரமம். அதனால் பேசி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை 10.55க்கு உரிய பதிவை அழுத்தினேன். பின்னால் பஸ் ஹாரன், முன்னால் அவர் குரல்.

“சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம். போர்ல தண்ணி இம்புட்டுத்தான் வருது, மோட்டாரு காத்த இழுக்குது. அமத்திட்டேன். ரெண்டு மணி வரைக்கும் யாரும் போட்றாதீங்க. செகரட்டரி சார் வீட்டு மாவு அரைக்க மில்லுக்குப் போறேன், வந்து நானே போடுறேன்.”

எனக்குப் புல்லரித்தது. இப்படியொரு திருப்பம் எந்த நாவலிலும் வந்ததில்லை. துப்பறிவாளனின் குரலை வரவழைத்துக்கொண்டு, “அப்ப போட்டது யாருக்கா?” என்றேன்.

“அடுத்த பக்கத்தத் திருப்புங்க.”

திருப்பினேன். 11.18. அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். என் பெயர். ‘சோப்பு நுரையோடு நின்றவனைக் குழாய் கைவிட்டது. துண்டோடு கீழே இறங்கிப் போய் என்னை நானே காப்பாற்றிக்கொண்டேன். கைதட்டல்கள் வரவேற்கப்படுகின்றன.’

ஒருவரும் கைதட்டியிருக்கவில்லை. என் ஜோக்கைக் குரூப்பில் யாரும் படிப்பதே இல்லை என்பது அன்றைக்குத்தான் ஆவணபூர்வமாக நிரூபணமாயிற்று. நானும் படிக்கவில்லை. நாற்பத்தொரு பக்கத்திலும் எல்லோருடைய வரிக்கும் கோடு போட்டிருந்தேன், என் வரிகளைத் தவிர.

எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. படியில் என் ஈரக்கால் தடம், சுவிட்ச், மறுபடி மேலே ஓட்டம். குளித்து முடித்ததும் கையில் எடுத்தது, முப்பது பக்கம் பாக்கியிருந்த நாவல். சுவிட்சை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அது எப்போதும் வாட்ச்மேன் வேலைதானே.

“நம்ம படிக்கிற கதையில எல்லாம் காகிதத்தத் தொகுத்துக் குடுக்குறவன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க தம்பி. நான் அவன்ட்டயிருந்துதான் ஆரம்பிப்பேன்” என்றார் அக்கா.

வெட்கத்தை விட்டு இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு பக்கத்தை உருவிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. விரல் தாளின் ஓரத்துக்குப் போனதை அக்கா பார்த்துவிட்டார்.

“போன்லயும் இருக்கு” என்றார்.

ஐந்து மணிக் கூட்டத்துக்கு இறங்கினால், மாடிப்படி அடியில் பாயும் பாத்திரமும் கட்டி வைத்திருந்தது. மகள் அதன் மேலேயே உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்துவிட்டது. வாட்ச்மேனின் குரல் பதிவைச் சத்தமாகப் போட்டேன். என் 11.18ஐ நானே வாசித்தேன். “எரிச்சது நான்தான்” என்றேன். செயலாளர், “மாப்ள, நீயா?” என்று எழுந்தார். தன் வீட்டு மாவு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வடை யாரும் சாப்பிடவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டியதும், தானாக நிற்கிற கருவி பொருத்தியதும் என் பொறுப்பாயிற்று. பாயும் பாத்திரமும் திரும்ப அறைக்குள் போயின.

மறுநாள் லீவு போட்டு அந்த அறுபத்திரண்டு பதிவையும் வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றும் வணக்கத்தில் தொடங்கியது. எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, தண்ணீர் லாரி எப்போது வரும், எந்த வீட்டுப் பிள்ளை மார்க் குறைந்ததற்காக மொட்டைமாடியில் அழுதது, டீ வாங்கிக் கொடுத்து எப்படிக் கீழே கூட்டி வந்தார், எல்லாம் அதில் இருந்தது. என் வண்டியின் பின் டயரில் காற்று இல்லை என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். அந்த வாரம் நான் டயர் இறங்கிய வண்டியோடு ஆற்றுப் பாலத்தில் நின்று, ஊரில் உள்ள சாலைகளை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். நான் படித்ததிலேயே அருமையான நாவல் அதுதான். இரண்டு மாதமாக என் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது.

இப்போது எந்தக் கட்டைக் கையில் எடுத்தாலும், முதலில் யாருடைய பேச்சு இதில் விடுபட்டிருக்கிறது என்று தேடுகிறேன், அடுத்து என் வரிகளைத் தேடிப் படிக்கிறேன். அந்தப் பழக்கத்துக்குக் காரணமான வாட்ச்மேனுக்கு எழுத்தில் நன்றி சொன்னால் எட்டாது என்று, பதிவுகளைக் கேட்டு முடித்த அன்றைக்கே முதல்முறையாக நானும் குரல் பதிவு ஒன்று பேசி அனுப்பினேன். வணக்கத்தில் தொடங்கி, மன்னிப்பில் நுழைந்து, நடுவில் இரண்டு ஜோக்கும் வைத்து, மொத்தம் நாலு நிமிஷம். அவரிடமிருந்து மூன்றே விநாடியில் முடிந்த பதில் வந்தது:

“சரி சார். சுவிட்ச மட்டும் தொட்றாதீங்க.”