மூன்று இல்லங்களும் முதல் வாரலும்

கொளஞ்சியம்மாள் எந்த உப்பளத்தில் வேலைக்குச் சேர்வதானாலும் கூலியை முதலில் கேட்க மாட்டாள். குடிக்கிற தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். மரக்காணத்து அளங்களில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர்தான், ஒரு வாய் குடிக்க முடியாது. குடத்தை நிழலில் மூடிபோட்டு வைக்கிற குத்தகைக்காரர் ஆளை ஆளாக நடத்துவார், வெயிலில் போட்டு வைக்கிறவர் நடத்த மாட்டார் என்பது இருபது வருஷம் தலையில் உப்பு சுமந்து அவள் கண்ட கணக்கு. எப்போதும் அது சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இருந்தது.

அவள் புருஷன் ஆதிமூலம் உப்பு வாருகிறவன். பாத்தியின் அடிமண் கிளம்பாமல் உப்பை மட்டும் பலகையால் வழித்தெடுக்கிற கை அவனுக்கு. குடித்திருந்தாலும் கை தப்பாது என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையே அவனை வெகுநாள் கெடுத்தது. போன புரட்டாசியில் ஒருநாள் பலகை நடுங்கி, வாரிய உப்பெல்லாம் சேறாக வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனைத் தைத்தது.

"கொளஞ்சி, எங்கனா நல்ல எடமா பாரு. இந்தத் தடவ நானே போறேன்" என்றான் வீட்டுக்கு வந்து.

குடியை விடவைக்கிற இல்லங்களுக்கு முன்பு மூன்று தடவை போயிருந்தான். பத்து நாள், இருபது நாள், ஒரு மாதம். மூன்று தடவையும் சொந்தக்காரர்கள் கையையும் காலையும் கட்டி வேனில் ஏற்றினார்கள். இந்தத் தடவை அவனாகக் கேட்டதைக் கொளஞ்சியம்மாள் பாதி நம்பினாள். மீதிப் பாதிக்கு இடம் தேட வேண்டியிருந்தது.

புதுச்சேரியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் சந்தியா, மாதக்கணக்கில் தங்கவைக்கிற மூன்று இல்லங்களின் முகவரியைப் போனில் அனுப்பினாள். கூனிமேட்டு நசுருதீன் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். ஆதிமூலத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன், பதினொரு வருஷம் கத்தாரில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன்.

"டேய், வெள்ளச் சட்டலாம் போட்டுக்கினு வந்துக்கிற? பொண்ணா பாக்கப் போறோம்?" என்றான் ஆதிமூலத்தைப் பார்த்து.

"நீ வேற. நம்மளத்தான்டா அவங்க பாப்பாங்க."

"அப்போ பஜ்ஜி கெடைக்குமா, கெடைக்காதா? அத்த சொல்லு."

முதல் இடத்தில் பஜ்ஜி கிடைக்கவில்லை. வெளிப்பக்கம் பூட்டிய இரும்புக் கதவு. நூற்றுக்கு நூறு குணமாகும் என்று எழுதிய பலகை. கொளஞ்சியம்மாள் தண்ணீர் கேட்டாள். மேலாளர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே இருப்பவர்களும் கேட்டால்தான் தண்ணீரா என்றாள். "ஒழுக்கம்மா, ஒழுக்கம்" என்றார் அவர். மூலையில் ஒரு பிரம்பும் இருந்தது. ஆட்டோ வந்த வழியே திரும்பியது.

இரண்டாவது இடம் கடலைப் பார்த்தபடி இருந்தது. தோட்டம், ஊஞ்சல், ஏசி. விருந்தினருக்குக் குளிர்ந்த பாட்டில் தண்ணீர். உள்ளே இருக்கிற ஒருவரோடு தனியாகப் பேச முடியுமா என்று கொளஞ்சியம்மாள் கேட்டதற்கு, வீடியோ காட்டுகிறோம் என்றார்கள்.

"கல்ஃப்ல எங்க முதலாளி ஊடுகூட இப்டி இல்ல தங்கச்சி" என்றான் நசுருதீன் வெளியே வந்ததும். "இங்க இவன வுட்டா, அப்புறம் நம்ம ஊட்டுக்கு வரவே மாட்டான்."

மூன்றாவது இல்லம் இரும்பை கிராமத்தைத் தாண்டி ஒரு முந்திரித் தோப்புக்குள் இருந்தது. ஓட்டுக் கட்டடம், சுவரில் அரசு உரிமச் சான்று. கூடத்தில் ஒரு மண்பானை, மேலே தட்டு, அதன்மேல் கவிழ்த்த டம்ளர். கைலி கட்டிய ஒருவர் வந்து மொண்டு குடித்தார். அடுத்து வந்த டாக்டரும் அதே டம்ளரில் அண்ணாந்து குடித்தார். கொளஞ்சியம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆலோசகர் ஜான்சி எதையும் மறைக்கவில்லை. முதல் பத்து நாள் அரசு ஆஸ்பத்திரியில், டாக்டர் கண்காணிப்பில். உடம்பு நடுக்கம் அடங்கிய பிறகு இங்கே ஒன்பது மாதம். நடுவில், மாசியில், குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள்.

"ஒம்போது மாசமா!" ஆதிமூலம் எழுந்துவிட்டான். "மேடம், மழ மூணு மாசந்தான். அதுக்கப்புறம் அளத்துல வேல இருக்குதுங்க."

"குணமாயிடுமா மேடம்?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"சத்தியம் பண்ண மாட்டேங்க. ஒண்ணு கேக்குறேன். முன்னாடி போயிட்டு வந்தப்பல்லாம் மறுபடி எப்போ குடிச்சாரு?"

கொளஞ்சியம்மாள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. மூன்று தடவையும் வேலை கெடக்கூடாதென்று மழைக்காலத்தில்தான் அவனைக் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று தடவையும் நல்லபடியாகத்தான் வந்தான். மழை ஓய்ந்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உப்புத்தண்ணீர் பாய்ச்சி, மாசியில் முதல் உப்பு வாருகிற நாள் ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலம் குத்தகைக்காரர் பெண்களுக்கு ஜாக்கெட் துணியும் ஆண்களுக்கு ஆளுக்கொரு குவார்ட்டர் பாட்டிலும் கொடுப்பது அவர்கள் அளத்து வழக்கம்.

"மொத வாரலுக்கு" என்றாள் மெதுவாக. "மூணு வாட்டியும் மொத வாரல் அன்னிக்கித்தான்."

ஆதிமூலம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை கெடாமல் தேர்ந்தெடுத்த மாதங்கள், ஒவ்வொரு வருஷமும் அவனைக் கொண்டுபோய் அந்தப் பாட்டிலின் முன்னால் நிறுத்தியிருக்கின்றன. கட்டிப்போட்டு இழுத்துப்போவது ஒருவனுக்கு எளிது. தன்னைத் தடுத்து நிறுத்தும் இடத்தைத் தானே பார்த்து, இதுதான் என்று சொல்வதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. அன்று அது அவனிடம் பாதிதான் இருந்தது.

"மூணு மாசம் எழுதிக்குங்க மேடம்" என்றான். "மாசில குடும்பத்தோட பாக்குற நாளு வரும்னீங்களே, அன்னிக்கி மீதிய சொல்றேன்."

"அன்னிக்கிக் கெளம்பணும்னா கதவு தெறந்துதான் இருக்கும்" என்றார் ஜான்சி.

மாசியில் அந்த நாள் வந்தது. இரண்டு நாள் முன்புதான் முதல் வாரல் முடிந்திருந்தது. கொளஞ்சியம்மாள் தூக்கம் கெட்ட கண்களோடு, இடுப்பில் துணிமூட்டையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வாசலில் காவலாளி கண்ணாயிரம் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"இன்னாம்மா இது?"

"உப்புங்க."

"அல்லாரும் அப்டித்தான்மா சொல்லுவாங்க."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போதை மறுவாழ்வு இல்லத்துக்கு வெள்ளையாக எதையோ மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நசுருதீன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வாயில போட்டுப் பாரு மாமா! போத ஏறுதான்னு சொல்லு!"

கண்ணாயிரம் விடவில்லை. ஒரு கல்லை நாக்கில் வைத்தார், முகத்தைக் கோணினார், துப்பினார். "ஏம்மா, மண்ணு மண்ணாக் கீதே!"

"மொத வாரலு அப்டித்தாங்க வரும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஆதிமூலம் வந்துகொண்டிருந்தான். கன்னம் பூசினாற்போல் இருந்தது. இடுப்பில் சமையலறைத் துண்டு. முன்பக்கம் நீட்டிய கையில் டீ நிறைந்த நாலு டம்ளர் வைத்த தட்டு. ஒரு சொட்டுத் தளும்பவில்லை. கொளஞ்சியம்மாள் முகத்தைப் பார்க்கும் முன்பு தட்டைத்தான் பார்த்தாள்.

"வாரிட்டாங்களா?" என்றான்.

"வாரிட்டாங்க."

"குத்தகைக்காரரு வந்தாரா?"

"வந்தாரு. உன் பாட்டில என் கைல குடுத்தாரு, வந்ததும் அவனுக்குக் குடுன்னு. அதுக்குப் பதிலா உப்பு குடுங்கன்னேன். ஒரு மாதிரி பாத்தாரு. நான் நவுறல. அப்புறம் அள்ளிக்கினு போன்னுட்டாரு. அதான் இது."

நசுருதீன் குறுக்கே புகுந்தான். "முழுசா சொல்லு தங்கச்சி. டேய், இவ கேட்டதப் பாத்துட்டு, பின்னால இன்னும் நாலு பொம்பளைங்க, எங்க ஊட்டு ஆம்பளைங்க பாட்டிலுக்கும் உப்பே குடுங்கன்னு துணிய விரிச்சிக்கினு நின்னுட்டாங்களாம். பாட்டிலு வாங்கினு வந்த மனுஷன், அத்தினியும் திருப்பி எடுத்துக்கினு போனாராம்!"

ஆதிமூலம் தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சிரித்தான். சத்தமாக, வயிறு குலுங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கொளஞ்சியம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணாயிரம் இன்னும் துப்பிக்கொண்டிருந்தார்.

ஜான்சி கூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் மீதி ஆறு மாதத்துக்கான ஒப்புதல் தாள் இருந்தது. திறந்த கதவு ஆதிமூலத்துக்கு முதுகுப்பக்கம், ஆட்டோ அதற்கு அப்பால். இங்கேயே இருந்துவிடு என்று இரண்டு நாளாக மனதுக்குள் கட்டிவைத்திருந்த கெஞ்சலையெல்லாம் கொளஞ்சியம்மாள் விழுங்கிக்கொண்டாள்.

அவன் ஒரு பிடி உப்பை அள்ளி விரலால் கிளறிப் பார்த்தான்.

"யாரு வாருனது? பலகைய ரொம்ப அழுத்திக்கிறான்."

"நீ வந்து வாரு, நல்லா வாருவ. ரெண்டாவது வாரலுக்கு வர்றியா?" என்றாள், பதில் அவன் வாயாலேயே வரட்டுமென்று.

"இல்ல" என்றான் ஆதிமூலம். "ஆவணில பாக்கலாம். அப்போதான் உப்பு நல்லா வெளுத்து வரும்."

தாளில் கையெழுத்துப் போட்டான். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தான். அன்று அறுபது பேருக்குச் சாம்பார் அவன் பொறுப்பு. கழுவி, கரைத்து, மண் அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினான். ஆனாலும் ஆசையில் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டான் போலிருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் அறுபது பேரும் மண்பானையைச் சுற்றி டம்ளருக்கு அடித்துக்கொண்டார்கள். டாக்டரும் வரிசையில் நின்றார்.