மண்சரிவுக்கு இந்தப் பக்கம்

நேபாள மலைக்குள் இருக்கும் ஜோம்சோமிலிருந்து கீழே போக்ராவுக்கு விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும். வெயில் ஏறியதும் மலை இடுக்கு வழியாக ஒரு காற்று கிளம்பும். அதற்குப் பிறகு அந்தச் சின்ன விமானங்கள் அந்தப் பக்கமே வராது. காலையில் மேகம் இறங்கியிருந்தாலும் வராது. அந்தப் புரட்டாசியில் மேகம் இறங்கியே கிடந்தது.

நானும் என் கணவரும் நடத்துவது ஒரு சின்ன டூர் கம்பெனி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆபீஸ், சிதம்பரத்தில் ஒன்று. சிதம்பரத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. வயதான பெண்கள் அதிகம் வருவதால் கூட ஒரு பொம்பளை இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். முக்திநாத்தில் பனித்தண்ணீர் கொட்டும் அந்த நூற்றெட்டுத் தாரைகளுக்குக் கீழே ஓடிவிட்டு வரும் அம்மாக்கள், "நீ ஏம்மா குளிக்கல?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். "நானும் குளிச்சா உங்க துண்ட யாரு புடிச்சிக்கிறது?" என்பேன். நடுங்கிக்கொண்டே சிரிப்பார்கள்.

இந்தத் தொழிலில் எங்களைப் படுத்துகிற எதுவும் கடலூரில் நடப்பதில்லை. எங்கேயோ சண்டை மூளும், வானத்தை மூடுவார்கள். இலங்கையில் டீசல் இல்லை என்பார்கள். எவனோ ஒரு அமைச்சர் ராஜினாமா செய்வான், காட்மாண்டுவில் கடையடைப்பு வரும். அதற்கெல்லாம் பெண்ணாடத்திலும் பண்ருட்டியிலும் இருக்கிற, எங்களோடு வந்தவர்களின் சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும்போதும் என் கை போனைத் தடவிக்கொண்டே இருக்கும். மீன் குழம்பு கொதிக்கும்போது போக்ராவில் மழையா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் தடவை கூட்டம் சின்னது. அதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சிதம்பரத்துக்காரர், பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முதலில் முடித்துவிட்டு மற்றவர்களுக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர். இன்னொருவர் மேல்பட்டாம்பாக்கத்து அம்மா. கரும்பு விவசாயம் செய்கிற வீடு. கணவரை வயலுக்குக் காவலாக விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு வந்திருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் குறித்திருந்தது அடுத்த மாசம். அதற்குள் பெருமாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

தரிசனம் முடித்து ஜோம்சோமுக்கு இறங்கிய மறுநாள் காலை விமானம் ரத்து. விமான நிலையத்திலிருந்து பெட்டிகளை உருட்டிக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினோம். அப்போதுதான் அந்த அம்மாவுக்கு போன் வந்தது. மகளுக்கு நீர் உடைந்துவிட்டது, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த அம்மா அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"கெளம்பலாமா?"

"எப்பிடிம்மா கெளம்புறது? ஏரோப்ளேன் இல்லையே."

"ரோட்ல போவோம்."

ரோட்டில் போவதென்றால் போக்ராவுக்கு ஒரு பகல் முழுக்க ஜீப். அதுவும் நேற்றைய மழையில் நடுவழியில் மலை சரிந்து அடைத்துக் கிடந்தது. இந்தப் பக்க ஜீப் சரிவு வரைக்கும் கொண்டுபோய் விடும். அங்கிருந்து நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வேறு ஜீப் பிடிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் போய்வருகிறார்கள் என்று லாட்ஜ்காரர் சொன்னார். மேலே இன்னும் கல் உருள்கிறதா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

நான் வேண்டாம் என்றேன். நாளைக் காலை மேகம் விலகலாம், காத்திருப்போம் என்றேன்.

பாங்க் அதிகாரி எழுந்துவிட்டார். "நாளைக்கும் விலகலன்னா?"

"நாளன்னிக்கு."

"இப்பிடியே தீபாவளி வரைக்கும் உக்காந்துருக்கலாமா? பயப்படுறவங்க இருங்க. நான் ஜீப் பேசப்போறேன்."

அரை மணி நேரத்தில் ஜீப் வந்து வாசலில் நின்றது. அவரும் அவர் மனைவியும் ஏறினார்கள். இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். மேல்பட்டாம்பாக்கத்து அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்கள உசுரோட கொண்டுபோய் ஊர்ல விடுறதுதாம்மா என் வேல."

"எம்பொண்ணு அங்க கத்திக்கிட்டு கெடப்பா. நீ கைய விடு."

விட்டேன்.

கணவருக்கு போன் போட்டேன். "நானும் கூட போவட்டுமாங்க?"

"மிச்சப் பேர யாரு பாத்துக்கறது? அதுல ஒருத்தருக்கு சுகர் ஊசி போடணும்னு நீதான சொன்ன. நீ எங்கியும் நவுறாத."

எங்கள் நேபாள கைடு சென்னையில் ஓட்டலில் வேலை பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் போறேன் அக்கா" என்று டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. ஜோம்சோமில் இருப்பது நீளமாக ஒரே தெரு. அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன், திரும்ப நடந்தேன். மத்தியானக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சரிவுப் பக்கம் சிக்னல் கிடையாது. கைடு நம்பர் அடிக்கவே இல்லை. ஆனால் ஊரிலிருந்து எல்லோருடைய போனும் எனக்கு வந்தது. வாட்ஸப் குரூப்பில் யாரோ எந்த வருஷத்தையோ சேர்ந்த ஒரு மண்சரிவு வீடியோவைப் போட்டுவிட்டார்கள். சிதம்பரம் ஆபீஸுக்கு அந்த அம்மாவின் மருமகன் வந்து மேஜையைத் தட்டியிருக்கிறார்.

"வயசான பொம்பளைய தனியா அனுப்பிட்டீங்களாமே?"

என் கணவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, கழிவறைக்குள் போய் எனக்கு போன் செய்தார். "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" அவர் குரலே மாறியிருந்தது. தெரியவில்லை என்றேன்.

லாட்ஜில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தால் கேள்வி கேட்டார்கள். கேட்காதபோது முகத்தைப் பார்த்தார்கள். பருப்பும் சோறும் வந்தது, என்னால் சாப்பிட முடியவில்லை. ஒரு மாமி மட்டும், "நீ சாப்புட்டாத்தான் நாங்களும் சாப்புடுவோம்" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவருக்காக இரண்டு வாய் விழுங்கினேன்.

பொழுது சாயும்போது கைடு போன் வந்தது. தாண்டிவிட்டார்கள். எல்லோரும் நலம். போக்ரா ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்கள். மேல்பட்டாம்பாக்கத்து அம்மா போனைப் பிடுங்கிக் கத்தினார்: "ஆம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க! இப்பத்தான் சேதி வந்துது!" நான் தெருவிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு அடுத்த நாளும் விமானம் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஒருவழியாக மேகம் விலகி நாங்கள் போக்ராவில் இறங்கியபோது, முன்னால் போனவர்கள் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். "நாமளும் அன்னிக்கே போயிருக்கலாம்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி ஒருவர் சொன்னார். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போக்ராவில் கைடு எனக்காகக் காத்திருந்தார். டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். ஒவ்வொருவராகத்தான் தாண்ட வேண்டியிருந்ததாம். மேலே ஒருவன் நின்று விசில் அடித்தால் ஓட வேண்டும். அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இவர் ஓடிக் கரை சேர்ந்த பிறகு, ஒரு பானை அளவுக் கல் அவர்கள் வந்த தடத்தின் மேலேயே விழுந்தது. அடுத்து வரவேண்டிய பாங்க் அதிகாரி அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே மாட்டேன் என்று அழுதிருக்கிறார். இவர் திரும்பப் போய்க் கூட்டிவந்திருக்கிறார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அக்கா. அவரு யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. நீயும் சொல்லாத."

டீ கிளாஸை வைத்த அவர் விரல்களைப் பார்த்தேன். நகங்களுக்குள் இன்னும் மண் இருந்தது.

என் கணவரைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. சிதம்பரத்தில் அந்த அதிகாரி, நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம், "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா ரொம்ப பயம். நாங்க துணிஞ்சதால வந்தோம்" என்று பேசுவதாகக் காதில் விழுந்தது. வருவதாகச் சொன்ன இரண்டு குடும்பத்தார் வேறு கம்பெனியில் போய்விட்டார்கள். என் கணவருக்குக் கோபம். "நடந்தத சொல்லேன், என்ன இப்ப?" என்றார். சொன்னாலும் என்ன? அவர்கள் தாண்டியது நிஜம். நான் போகாதே என்றதும் நிஜம்.

அடுத்த வருஷப் பயணத்துக்கு சிதம்பரம் ஆபீஸில் கூட்டம் போட்டோம். மேல்பட்டாம்பாக்கத்து அம்மா நாத்தனாரைச் சேர்த்துவிட வந்திருந்தார், இடுப்பில் பேரன். மண்சரிவுக் கதையைக் கையை வீசிச் சொன்னார். கல் விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் விழுந்ததை அவர் பார்த்திருக்கவே மாட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "வழி அடைச்சா நாம உக்காந்துருப்போம். யாரும் தனியா போவ முடியாது. சம்மதம்னா வாங்க."

"எத்தன நாள் உக்காரணும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"தெரியாதுங்க."

ஒரு தம்பதி பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். நாத்தனார்க்காரி முன்னால் வந்து, ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிவிடலாமா, அங்கே விலை ஜாஸ்தியா என்று கேட்டார். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேஜை மேலிருந்த என் போன் அதிரத் தொடங்கியது. காட்மாண்டு நம்பர்.