மூன்றாவது கிளட்ச் பிளேட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு ஆள், வண்டி என்ற பேதம் கிடையாது. எண்பதுகளின் பின்பாதியில் விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு, திண்டிவனம் வரைக்கும் உரக்கடை உரக்கடையாக ஏறி இறங்கும் வேலை பார்த்தேன். கம்பெனி என்னை வேலைக்கு எடுத்ததே சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்ததால்தான். வண்டி நின்றால் வேலையும் நின்றுவிடும். அதனால் அதில் சின்னதாகச் சத்தம் மாறினாலும் உடனே ஓரம் கட்டி இறங்கிப் பார்ப்பேன்.

அப்படித்தான் ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். இஞ்சின் ஊரைக் கூட்டியது. வண்டி மட்டும் நகர்வேனா என்றது. பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு சைக்கிளில் வந்தவர் மூச்சிரைக்க மிதித்து என்னைத் தாண்டிப் போனார். போகிறபோது திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எனக்கு மானம் போயிற்று.

கியர்தான் நழுவுகிறது என்று நானே முடிவு கட்டினேன். விழுப்புரத்து மெக்கானிக் பிரித்துப் பார்த்து கியர் நன்றாக இருக்கிறது என்றார். கிளட்ச் பிளேட் கருகியிருந்ததால் அதை மாற்றிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனது. அவர்மேல் நம்பிக்கை போய், திண்டிவனத்தில் பாண்டி ரோட்டில் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "கியர் நழுவினா கடக்குன்னு சத்தம் வந்து நியூட்ரல்ல வுழும் சார். இது இஞ்சின் மட்டும் கத்துது, சக்கரத்துக்குப் போவல. கிளட்ச்சுதான். ஓட்டும்போது லீவர் மேலயே வெரல வச்சிக்கினு ஓட்டுவீங்களா? லேசா அழுத்தினாலே போதும், பிளேட்டு சரியா கவ்வாது. தேஞ்சி தேஞ்சி கருகிப்பூடும்."

"என்னப் பாத்தா நேத்து வண்டி கத்துக்கினவன் மாதிரி இருக்குதா?" என்றேன்.

அவர் இரண்டாவது பிளேட்டைப் போட்டுக் கொடுத்தார். அது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. நேராகக் கடைக்குப் போய், வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே கத்தினேன். டூப்ளிகேட் பிளேட்டைப் போட்டு ஏமாற்றுகிறாயா என்று ஒருமையில் கேட்டேன். எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இஞ்சினைப் பிரித்தார். கருகின பிளேட்டைக் கழற்றி என் கண் முன்னாலேயே புதுசு போட்டார். அது மூன்றாவது.

"இப்ப ஓட்டுங்க சார். நான் பின்னாடி குந்திக்கறேன்."

நாலைந்து மைல் போயிருப்போம். ஓமந்தூர்ப் பக்கம் சாலை லேசாக ஏறியது. நான்காவது கியரில் இஞ்சின் கூவ ஆரம்பித்தது. புத்தம்புது பிளேட்! வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டிருந்தபோது பாய் காதருகே சொன்னார்:

"சார், வெரல எடுங்க."

"எடுத்துட்டுத்தான்யா ஓட்டறேன்."

"எடுக்கல சார். குனிஞ்சி பாருங்க."

பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கைப்பிடியில் இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி லீவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்துவிட்டேன் என்று சத்தியமே செய்திருப்பேன். அவை அங்கே இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

வண்டியை ஓரம் கட்டினேன். பாய் என் இடது கையை வாங்கி, என்னை வேறு பக்கம் பார்க்கச் சொன்னார்.

"தெரியுதா சார்?"

"தொடுங்க, சொல்றேன்."

"நகத்தால அழுத்திக்கினு இருக்கேன் சார்."

அவர் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை, கையையும் விடவில்லை. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜல்தியா போங்க" என்றார். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்காதவர்போல வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முழங்கை மடிப்புக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். தொழுநோய் என்றார். மாத்திரை இருக்கிறது, குணமாகிவிடும், மருந்தை ஆரம்பித்துவிட்டால் அடுத்தவருக்கு ஒட்டாது என்று மூன்றையும் நிதானமாகச் சொன்னார். என் காதில் நோயின் பெயர் மட்டும்தான் விழுந்தது. எங்கள் தெருவில் அந்த நோய் வந்த ஒருவரைத் தோட்டத்துக் கொட்டகையில் தனியாக வைத்துத் தட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம். என் மனைவி என்னைத் தொடக் கூசினால் என்ன செய்வேன் என்பதுதான் எனக்கு பயம்.

அவள் கூசுவதற்கு முன் நானே ஒதுங்கிக்கொண்டேன். புழுக்கம் என்று சொல்லி முன்கூடத்தில் படுத்தேன். என் டம்ளரை நானே கழுவி வைத்தேன். எட்டாம் நாள் காலை அவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இத்தினி வருஷமா ஒரே பாய்லதான படுத்துக்கினு இருந்தோம்? அப்ப ஒட்டாததா, மாத்திர முழுங்கறப்ப ஒட்டப் போவுது? ஒரு வாரமா என்னப் பேஜாரு பண்ணிட்டீங்களே. வேற எவளோன்னு நெனச்சி அழுதுக்கினு இருந்தேன்."

எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலம் கோயிலுக்குக் கிளம்பினோம். போகும் வழியில் பாய் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மலை அடிவாரத்து ஏற்றத்தில் வண்டி ஆமையாக ஊர்ந்தது. இஞ்சின் கூவியது.

"ஏங்க, வெரலு" என்றாள்.

குனிந்தேன். அதற்குள் அவள் என் இடுப்போரமாக எட்டி, மடங்கிக் கிடந்த அந்த இரண்டு விரல்களையும் எடுத்துக் கைப்பிடிமேல் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.