துளசிங்கம் தைத்த ஜன்னல் திரை

துளசிங்கத்துக்குக் கிறுக்குப் பிடித்தது, உலாந்தாக்காரன், அதாவது டச்சு வெள்ளைக்காரன், ஒருவனின் வீட்டுக்குள் பெட்டி தூக்கிக்கொண்டு போன அன்று. பழவேற்காட்டுக் கோட்டையை ஒட்டிய வீடு அது. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகில் துடுப்புப் போடுகிறவன் பெட்டியை வைத்தோமா, கூலி வாங்கினோமா என்று வர வேண்டும். இவன் வாயைப் பிளந்துகொண்டு அங்கே ஜன்னலில் தொங்கிய மஞ்சள் பட்டுத் திரையைப் பார்த்து நின்றான். குப்பத்துக்குத் திரும்பியதும், திரை இல்லாத வீட்டில் மனிதன் குடியிருப்பானா என்று ஆரம்பித்துவிட்டான்.

அவன் வீட்டில் ஜன்னலே கிடையாது. எங்கள் குப்பத்தில் யார் வீட்டிலும் கிடையாது. மண்சுவர், பனையோலைக் கூரை, குனிந்து நுழைய ஒரு வாசல், அவ்வளவுதான். அதற்கெல்லாம் அசருகிறவனா அவன்? தெருப்பக்கத்துச் சுவரை இடித்து ஓட்டை போட்டான். திரை மாட்டுவதற்காகச் சுவரை இடித்த புத்திசாலி இந்தக் கரையில் இவன் ஒருவன்தான். அன்று முதல் கடல்காற்று மணலை வாரி நேரே சோற்றுச் சட்டியில் கொட்டியது.

பட்டு வாங்க வக்கில்லை. கிழிந்துபோன படகுப்பாய்த் துண்டுகளைக் கரையெல்லாம் பொறுக்கி வந்தான். பாய் தைக்கும் ஊசியை இரவல் வாங்கி, வலைநூலைக் கோத்து, தொழிலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து தைத்தான். அளந்து வெட்டினான் என்று பெருமை வேறு. ஓட்டையின் அளவுக்கே வெட்டிவிட்டு ஓரம் மடித்தால் துணி குறையும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குறைந்தது. பக்கத்தில் இன்னொரு துண்டை ஒட்டுப் போட்டான். அது இழுத்துக்கொண்டு கோணிப் போனது.

மஞ்சள் நிறம் வேண்டுமே. மனைவி குப்பம்மா குளிக்க வைத்திருந்த மஞ்சளை இடித்துக் கொதிக்கவைத்து, துணியை அதில் முக்கி எடுத்தான். மாட்டுவதற்குக் கழி வேண்டும். அதற்கும் செலவில்லாமல் வேப்பங்கிளை ஒன்றை ஒடித்து வந்தான். இரண்டு முனையிலும் இலைக்கொத்தை அப்படியே விட்டுவிட்டான். அழகாம்.

குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாய்யா இது? மஞ்சத் துணி, வேப்பல. அம்மை போட்ட வூட்லதான் இப்படிக் கட்டுவாங்க. நாளைக்குப் பொண்ணுக்குத் தாம்பூலம் மாத்த வர்றாங்கன்னு நெனப்பு கீதா?"

"உலாந்தாக்காரன் வூட்லயும் மஞ்சதான் தொங்குது. அவனுக்கு இன்னா அம்மையா போட்டுக்கீது? மீன் அரியறவளுக்கு இன்னா தெரியும்."

மகள் திரௌபதிக்கு, பேசி வைத்திருந்த ஆரம்பாக்கத்து மாப்பிள்ளை வேலுவைப் பிடித்திருந்தது. முன்பு வந்த சம்பந்தம் ஒன்று துளசிங்கத்தின் வாய்த்துடுக்கால்தான் கலைந்தது. இதுவும் போய்விடுமோ என்று அவள் பயந்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் ஏரியைத் தாண்டிப் படகில் வந்து இறங்கினார்கள். வேலுவின் தாய் லோகநாயகி தாம்பூலத் தட்டோடு முன்னால் நடந்தாள். தெருமுனையில் மஞ்சள் துணியையும் வேப்பிலையையும் கண்டதும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, தெரியாம வந்துட்டோம், கோவிச்சுக்காத" என்று சொல்லி எல்லோரையும் திருப்பிக்கொண்டு நடந்தாள். அம்மை போட்ட வீட்டில் நல்ல காரியம் பேச யார் நுழைவார்கள்?

துளசிங்கம் பின்னாலேயே ஓடினான். "அது அம்மையில்ல, தெரை" என்று கத்தினான். பெண்ணைத் தள்ளிவிடுவதற்காக நோயை மறைக்கிறான் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நடையை எட்டிப் போட்டார்கள்.

திரௌபதி அவனைத் தாண்டி ஓடி, லோகநாயகிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். "பாருங்க அத்தை. ஒரு முத்துகூட இல்ல. எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல."

லோகநாயகி அவள் முகவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி நிதானமாகப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரிம்மா. அந்தக் கோலத்தை மொதல்ல கழட்டச் சொல்லு. உள்ள வர்றோம்."

ஒரு கையால் இழுத்தால் வந்துவிடும். துளசிங்கம் போய் அந்த ஓட்டைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"கழட்டிடு நைனா" என்றாள் திரௌபதி.

"கழட்ட மாட்டேன். மருவாதி தெரிஞ்சவங்க வந்தா போதும்."

மகளின் வாழ்க்கையைவிட ஒரு கந்தல் பெரிதாகப் போய்விட்டது அவனுக்கு. எல்லோரும் வந்து கெஞ்சுவார்கள் என்று உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அடுத்த முறை கூப்பிட்டால் எழுந்து வரலாம் என்று இருந்தான்போல. யாரும் கூப்பிடவில்லை. குப்பம்மா பாயை எடுத்துவந்து தெருவிலேயே விரித்தாள். வெற்றிலையும் பூவும் வெளியே வந்தன. அவள் அண்ணன் தேசப்பன் பெண் வீட்டுக்காரனாக உட்கார்ந்தான்.

தாம்பூலம் மாற்றும்போது தகப்பன் பெயரைச் சேர்த்துத்தான் பெண்ணின் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம். தேசப்பன் தட்டைக் கையில் எடுத்தான். "குப்பம்மா மக திரௌபதிய, ஆரம்பாக்கத்து வேலுவுக்குக் குடுக்கறோம்" என்று வீட்டுக்குள் கேட்கும்படியே சொன்னான்.

பாயில் இருந்த யாரும் அதைத் திருத்தவில்லை. திரௌபதியும் திருத்தவில்லை.