இரண்டு பக்கமும் கேட்டவள்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் 'வயர் அக்கா'தான். பதினாறு வருடங்களாக மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து, நான்கு மாடிகளுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்தவள். ஊரார் கோளாறையெல்லாம் சரிசெய்தவளுக்கு, அன்று கணவனின் மானமே கோளாறாக வந்து நின்றது!

கணவர் அங்கேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். நான்கு நாட்களாக, காலை பத்து மணிக்கு மேல் அவர் அனுப்பும் ரிப்போர்ட்டுகள் அவசரப் பிரிவுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன.

"உங்க வீட்டுக்காரர் மெஷின் முன்னாடி உக்காந்து தூங்குறாரும்மா. சஸ்பெண்ட் ஆர்டர் ரெடி," என்றார் மேலாளர்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க சார்." கண்ணில் நீர் முட்டியது, குரல் உடையவில்லை.

எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி இருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் ஒரு துளையில், போய்வருவதை அப்படியே நகலெடுத்து இன்னொரு போர்ட்டுக்குத் தரும்படி ஸ்விட்ச்சிடம் சொல்லலாம். அதற்குப் போர்ட் மிரரிங் என்று பெயர். பரிசோதனைக் கருவியின் போர்ட்டை அப்படி நகலெடுத்து, தன் லேப்டாப்பில் பார்த்தாள். கருவி ஒரே ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. 

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த கணவரிடம், "ஏங்க, அதே பட்டனை நாலு தடவை அழுத்துறீங்களா?" என்றாள்.

"நீயுமா! வீட்லயும் இதே கதைதான். பாதியக் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லிடுவ!" முகம் சுண்டிப்போய் அவர் திரும்பினார்.

பாதி! சுரீரென்றது அவளுக்கு. கருவி பேசுவதை மட்டும்தான் நகலெடுக்கச் சொல்லியிருந்தாள். கருவிக்கு வருவதைக் கேட்கவே இல்லை. இரண்டு திசையும் என்று மாற்றினாள்.

உடனே வெளிப்பட்டது உண்மை. கருவியின் நெட்வொர்க் விலாசத்தை இன்னொரு சாதனமும் 'இது என்னுடையது' என்று அறிவித்துக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டைப் பெறும் சர்வர் அனுப்பிய 'கிடைத்தது' என்ற பதில்கள் வழிமாறி அதற்குப் போக, பதில் வராத கருவி மறுபடி மறுபடி அனுப்பியது. அந்தச் சாதனத்தின் எண்ணைப் பதிவேட்டில் தேடினாள். மேலாளர் அறைப் புது பிரிண்டர்! போன வாரம் பழைய பட்டியலைப் பார்த்து, காலி என்று நினைத்து அந்த விலாசத்தைக் கொடுத்தவள் அவளேதான். மேலாளர் வந்து அதை ஆன் செய்வது தினமும் பத்து மணிக்கு.

சத்தமில்லாமல் பிரிண்டர் விலாசத்தை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தூங்குமூஞ்சி என்ற பழி கணவர் தலையிலேயே தங்கிவிடுமே! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

"அவர் ஒழுங்காத்தான் அனுப்பியிருக்கார் சார். தப்பு இந்தப் பிரிண்டர்ல."

"இத யாரும்மா மாட்டினது?"

"நான்தான் சார்."

மேலாளர் சஸ்பெண்ட் ஆர்டரைக் கிழித்தார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "மூணு மணிக்குள்ள விளக்கக் கடிதம் வேணும்."

விலாசத்தை மாற்றிவிட்டு, ஸ்விட்ச் அறையில் உட்கார்ந்து எழுதினாள். கணவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ரிப்போர்ட் போகுதா?" என்று கேட்டாள்.

"அனுப்பின நிமிஷமே போகுது." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். "எனக்காக நேத்தே எழுதி வச்ச விளக்கக் கடிதம். பேரை மட்டும் மாத்திக் காப்பி அடிச்சுக்கோ."

"முழுசாப் படிச்சுட்டுத்தான்," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.