ஐந்தாம் கரையின் குதிரை

எண்பதுகளில் வளைகுடாவில் வேலை பார்த்த என் தாய்மாமா கொண்டுவந்த வீட்டுக் கணினி, அரிமளத்தில் அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. பழையதெல்லாம் குப்பையல்ல என்று ஊருக்கு உணர்த்துவது என் கடமை என நினைத்தேன். சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் புரவி எடுப்புக்காக, கோயில் திடலில் அதைத் தொலைக்காட்சியோடு இணைத்துவைக்க ஏற்பாடு செய்தேன்.

எங்கள் ஊரில் கோயில் உரிமை ஐந்து கரைகளுக்கு, அதாவது ஐந்து வகையறாக்களுக்கு உரியது. அவர்கள் அய்யனாருக்குத் தோளில் சுமந்து எடுக்கும் ஐந்து மண்குதிரைகளும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். கைப்பேசியில் நொடியில் முடிகிற இந்த வேலைக்கு ஒரு கோடைகாலத்தைச் செலவிட்டேன்.

அந்தக் கணினியில் படம் வரையத் தனிச் சில்லு ஒன்று உண்டு. நகரும் உருவங்கள் ஒரே கிடைக்கோட்டில் நான்குக்கு மேல் வந்தால் அது ஐந்தாவதை வரையாது. வரையவில்லை என்று சொல்லவும் சொல்லாது. ஒத்திகையில் நான்கு குதிரைகள் கம்பீரமாக வந்தன.

பார்க்க வந்திருந்தவர் ஐந்தாம் கரைக்காரர். ஆண்டுதோறும் கடைசியாக விபூதி வாங்குபவர்; அதை மறக்காதவர். நான் முதல் கரை.

"எங்க குதிரை எங்கிட்டு போச்சு தம்பி?"

"இந்தச் சிப்புல நாலுக்கு மேல வராதுங்க சித்தப்பா."

"எந்த நாட்டுக்காரனோ செஞ்ச சிப்பு, நம்ம ஊரு வரிசை தெரிஞ்சு சரியா எங்களக் கழிச்சிருக்கு." துண்டை உதறி எழுந்தார். "பொட்டிக்குள்ள இல்லாத குதிரை எங்க தோள்லயும் இருக்காது. நாலையே எடுத்துக்கங்க."

விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். அவர் குதிரையைச் சற்று மேலே ஏற்றினால் முதல் கரை பொறுக்காது. கீழே இறக்கினால் அவர் பொறுக்கமாட்டார். கணினியை அணைத்தாலோ, ஐந்தாம் கரைக்குப் பயந்துவிட்டதாக மற்ற நான்கு கரைக்காரர்களும் சொல்வார்கள். கடைசியில், அக்காலத்தில் விளையாட்டு எழுதியவர்களின் தந்திரத்தைக் கடன்வாங்கினேன்: மறைவதைச் சுழற்சி முறையில் பகிர்ந்தேன். கண் இமைப்பதற்குள் ஒவ்வொரு குதிரையும் தன் முறைக்கு மறைந்து திரும்பியது. ஐந்தும் தெரிந்தன, ஐந்தும் குளிர்காய்ச்சல் கண்டவைபோல் நடுங்கின. சமத்துவத்தை நான் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நிலைநாட்டியதில்லை.

"நாலா இருந்தப்ப நல்லாத்தான இருந்துச்சு" என்றார் தாய்மாமா.

ஐந்தாம் கரைக்காரரை மறுபடி அழைத்துவந்தேன். அவர் தம் குதிரையைப் பார்க்கவே இல்லை; எல்லாவற்றுக்கும் முன்னால் போவதையே உற்றுப் பார்த்தார்.

"ஒங்க குதிரையும் நடுங்குதா?"

"நடுங்குதுங்க."

"அப்பச் சரி" என்று, தம் கரையின் குதிரையைத் தூக்க ஆள் திரட்டப் போனார்.