சில்லுக் கழன்ற சூட்கேஸ்

சூட்கேஸ் கடைக்கு ஆலோசனை கேட்க ஒருவரும் வருவதில்லை. வீட்டிலேயே எடுத்துவிட்ட பிழையான முடிவுக்கு ஒரு சாட்சி தேடித்தான் வருகிறார்கள். ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் சிவம் அண்ணையின் கடையில் சனி ஞாயிறுகளில் அந்தச் சாட்சி நான். மற்ற நாட்களில் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறேன். அதாவது, அங்கேயும் வாதாடுகிறேன்.

இம்முறை அநியாயம் நடந்தது எனக்கே. போன சனிக்கிழமை பிக்கரிங் வசந்தா அன்ரி, சில்லு இரண்டும் கழன்ற ராட்சதச் சூட்கேஸ் ஒன்றைக் கவுண்டரில் தூக்கிப் போட்டு, "உந்தப் பிள்ளைதான் உந்தப் பெட்டியை என்ரை தலையிலை கட்டினது" என்றார். பச்சைப் பொய். பயணத்துக்கு முன் பெட்டி வாங்க வந்தபோதே, ரோமில் தெருவெல்லாம் கல்லுப் பதித்தது, பழைய கட்டடங்களில் லிஃப்டும் இருக்காது, சின்னதாக எடுங்கோ என்று தொண்டை வற்றச் சொன்னவள் நான். சிவம் அண்ணை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அன்ரி அடுத்த சனி வருவா. மன்னிப்புக் கேளும். இல்லாட்டி அதோடை நீர் வேலைக்கு வரத் தேவையில்லை" என்றுவிட்டார். வேலை போனால் நான் கோடையில் போகவிருக்கும் ஐரோப்பியப் பயணமும் போச்சு. முதுகில் ஒற்றைப் பை, கையில் ஒன்றுமில்லை என்று கனவு கண்டு, லீவும் கேட்டு வைத்திருந்தேன்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நல்ல புத்தி சொன்னதற்கு எனக்குக் கிடைத்தவை இவை.

கைப்பை

மார்க்கம் நகரிலிருந்து ஒரு அங்கிள் வந்தார். லண்டன் போய், அங்கிருந்து மலிவு விமானத்தில் பார்சிலோனா. ஐரோப்பாவுக்குள் பறக்கிற மலிவு விமானக்காரர் கைப்பையை ஒரு இரும்புச் சட்டத்துக்குள் இறக்கிப் பார்ப்பார்கள், சில்லும் பிடியும் கூட அளவில் சேர்த்தி என்று விளக்கி, நசுங்கக்கூடிய துணிப்பை ஒன்றைக் காட்டினேன். அங்கிள் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, விறைத்த பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அது சத்தியமாகச் சட்டத்துக்குள் இறங்காது என்றேன். இங்கே ஒருநாளும் ஒருவரும் அளந்ததில்லையாம்.

"சிரிச்சுக் கதைச்சா விடுவாங்கள் பிள்ளை. நீர் பெட்டியைத் தாரும்."

தலை காயவைக்கிற மெஷின்

யூனியன்வில்லிலிருந்து வந்தவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படிக்கிறாளாம். அடப்டர் ஒன்று வாங்கினாள். அது குத்துகிற முனையின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், கரண்டை மாற்றாது என்று சொன்னேன். போன் சார்ஜர் பெரும்பாலும் தாங்கும், அதில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், வாசித்துப் பாருங்கோ. ஆனால் கனடாவில் வாங்கிய ஹெயர் ட்ரையரை அங்கே குத்தினால் புகைதான் வரும். இங்கே நூற்றிருபது வோல்ட், அங்கே கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. அவள் கண்ணை மூடி யோசித்தாள். படித்த பிள்ளை, விளங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

"ஓகே, ஸோ அக்கா, ரெண்டு ட்ரையரை ஒண்டாக் குத்தினா சரிதானே?"

புதுச் சப்பாத்து

இன்னொரு அன்ரி, பெட்டிக்குள் புதுச் சப்பாத்து அடங்குமா என்று பார்க்க, சப்பாத்தையும் கொண்டே வந்தார். வெள்ளை, குதி உயர்ந்தது, இன்னும் கால் படாதது. நாள் முழுக்க நடக்கவேண்டிய ஊர்கள், காலுக்குப் பழகின பழையதைப் போடுங்கோ, தேவாலயத்துக்குள் போக ஒரு சால்வையும் வையுங்கோ, தோள் தெரிந்தால் சில இடங்களில் வாசலிலேயே மறித்துவிடுவார்கள் என்றேன். சால்வையை ஏற்றுக்கொண்டார். சப்பாத்து விஷயத்தில்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் நடக்கப் போகேல்லைப் பிள்ளை, படமெடுக்கப் போறன்."

மன்னிப்பு

சனிக்கிழமை வசந்தா அன்ரி வந்தார். சிவம் அண்ணை புருவத்தால் என்னைத் தள்ளினார். நான் மன்னிப்புக்குப் பதில் ஒரு கேள்வி கேட்டேன்.

"அன்ரி, பெட்டிக்குள்ளை உங்கடை சாமான் எவ்வளவு?"

"என்ரையோ? நாலு சட்டை. மிச்சமெல்லாம் சனம் குடுத்துவிட்டது."

அதுதானே. எங்கள் ஆட்களில் ஒருவர் டிக்கெட் போட்டால் போதும், சொந்தக்காரர் பார்சலோடு வாசலில் நிற்பார்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல இந்த ரொறன்ரோவில் ஒருவருக்கும் வாய் வராது. அன்ரி விரல் மடக்கினார். பாரிஸ் மருமகளுக்குச் சாறி, சுவிஸுக்கு மிளகாய்த்தூள், பிறகு ஒரு இரும்புத் தோசைக்கல்.

"ரோமிலை சில்லைத் திண்டது அந்தத் தோசைக்கல்லுத்தான். பாரிஸிலை இறங்கிப் பார்த்தா, தமிழ்க் கடையெல்லாம் அதே கல்லு அடுக்கிக் கிடக்குது!"

"ஆர் அன்ரி குடுத்தது?"

அன்ரி நாடியை நீட்டிக் காட்டினார். சிவம் அண்ணை திடீரென்று ஒரு சூட்கேஸைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். "பாரிஸிலை இருக்கிற தன்ரை தங்கச்சிக்காம். நான் சின்னது எடுப்பமெண்டுதான் வந்தனான். கல்லு அடங்காது, பெரிசை எடுங்கோ எண்டதும் உவர்தான்."

"அப்ப ஏன் என்னைச் சொன்னனீங்கள்?"

"அவரை அவரின்ரை கடைக்குள்ளை வைச்சு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? நீர் சின்னப் பிள்ளை, தாங்குவீர்."

நான் கையைக் கட்டிக்கொண்டு அண்ணையைப் பார்த்தேன். மன்னிப்பு இப்போது எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அண்ணை துடைத்த இடத்தையே இன்னும் கொஞ்சம் துடைத்தார்.

"சரி, பிழை என்ரைதான். அடுத்த சனியும் வாரும்." பிறகு குரலைத் தணித்தார். "நீர் பாரிஸும் போறீர்தானே? அந்தக் கல்லுக்கு ஒரு மூடி கிடக்கு. பெரிய பாரமில்லை."

எந்தப் பேராசிரியரோடும் சரிக்குச் சரி வாதாடி, ஒற்றைப் பைக் கொள்கையை ஊருக்கெல்லாம் போதித்த நான், யோசிக்கக்கூட நேரமெடுக்காமல் சொன்ன பதில் இதுதான்: "ஓம் அண்ணை, தாங்கோ."